சாரம் சரிந்தால் விதியா?

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு புது மாடி எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சவுக்குக் கம்பு நட்டு, கயிற்றால் கட்டி, பலகை போட்ட சாரத்தில் நின்று ஒருவன் வர்ணம் பூசுகிறான். அதே சாரத்தில், கட்டடத்துக்குக் கண்ணேறு படாமலிருக்கப் பூசணிக்காயும் வைக்கோல் பொம்மையும் தொங்குகின்றன. சுவருக்குக் காவல் உண்டு, சாரத்தில் நிற்பவனுக்கு? இடுப்பில் கட்டப் பட்டை கிடையாது. பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கம்பு கிடையாது. விழுந்து முதுகெலும்பு முறிந்தால், "அவன் தலைவிதி" என்று சொல்லிவிட்டு, மறுநாளே அந்தப் பலகையில் வேறொருவனை ஏற்றுகிறார்கள்.

தோழர்களே! விதி சாரத்தைத் தள்ளுவதில்லை. மக்கிய கயிறு அறுகிறது. வெடித்த பலகை முறிகிறது. சேற்றில் ஊன்றிய கம்பு சாய்கிறது. காலையில் ஒருவன் தொட்டுப் பார்த்தாலே இவை தெரிந்துபோகும். பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விட்டவன் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தையே விதி. அந்த விதியும் கண்டிராக்டர் தலையில் ஒருநாளும் எழுதப்படாமல், எப்போதும் கூலிக்காரன் தலையிலேயே எழுதப்படுவானேன்?

வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு என்ற சட்டம் 1923லேயே வந்தது. கட்டடத் தொழிலாளருக்கென்றே 1996ல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அது பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. 2025 நவம்பரில் அதன் ஸ்தானத்துக்கு வந்த சட்டத் தொகுப்பும் அந்த எல்லையை விடவில்லை. மூன்று பேர் பூசும் சுவரிலிருந்து விழுந்தால் எலும்பு முறியாதென்று சர்க்காரின் எண்ணமோ?

சட்டம் உள்ள இடத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். 2025 செப்டம்பர் 30ந் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்தக் கதியென்றால், கேட்பாரில்லாத செஞ்சித் தெருவின் கதி என்ன?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறிற்று. சந்தோஷந்தான். இனி வெளியூரார் வருவார்கள், விடுதிகள் எழும், அவற்றோடு சாரங்களும் எழும். ராஜகிரியை ஆண்டவர்களின் பெயரைச் சொல்லுகிறோம். அதன்மேல் கல் சுமந்து ஏறியவன் பெயரை யார் சொல்லுகிறார்கள்? அந்த வழக்கம் இன்றைக்கும் வேண்டுமா?

ஆகவே, வீடு கட்டுவோர் பூசணிக்காயை வாங்குமுன் கயிற்றைப் பார்க்கட்டும். தொழிலாளத் தோழர்கள் 1994ல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதியட்டும். குறுக்குக் கம்பும் இடுப்புப் பட்டையும் இல்லாத சாரத்தில் ஏறமாட்டோமென்று ஒன்றுகூடிச் சொல்லட்டும். ஒருவன் சொன்னால் வேறொருவனை ஏற்றுவார்கள். எல்லோரும் சொன்னால் யாரை ஏற்றுவார்கள்?