லேபிள் பொய் சொல்லலாமா?

விஸ்கி என்றதும் ஸ்காட்லாந்துதான் நினைவுக்கு வரும். ஜப்பானியரான மசாடகா டாகெட்சுரு 1918-ம் ஆண்டு அங்கே சென்று அந்தத் தொழிலைக் கற்றார். ஸ்காட்லாந்துப் பெண் ரீட்டாவை மணந்து ஊர் திரும்பினார். பின்னாளில் ஜப்பான் விஸ்கி உலகப் புகழ் பெற்றது.

புகழ் வந்தது, போலியும் வந்தது! வெளிநாட்டு விஸ்கியை வாங்கிப் புட்டியில் அடைத்து, "ஜப்பான் விஸ்கி" என்று சிலர் விற்றார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

2021-ம் ஆண்டு தயாரிப்பாளர் சங்கமே விதி வகுத்தது. ஜப்பானில் காய்ச்சி, அங்கேயே மரப் பீப்பாயில் 3 ஆண்டுகளாவது வைத்திருந்தால்தான் அந்தப் பெயர்!

நல்ல விதிதான். ஆனால் அது சங்கத்தின் கட்டுப்பாடு. சங்கத்தில் சேராதவர்களை அது என்ன செய்யும்? அதைச் சட்டமாக்குவதே முறை.

எந்தச் சரக்கானாலும் சரி, காசு கொடுப்பவன் ஏமாறக் கூடாது!