எத்தனை பிளேடு, எண்ணிப் பாருங்கள்!

1969-ல் வெளியான ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படம் கண்ணில் பட்டால், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் தரையில் நிற்கும் காட்சியில் ஒரு நொடி நிறுத்துங்கள். சில விமானங்களின் மூக்கில் உள்ள புரொபெல்லருக்கு நான்கு பிளேடு இருக்கும். கதை நடப்பதோ 1940-ல். அந்த வருடச் சண்டையில் பறந்த ஸ்பிட்ஃபயர்களுக்கு மூன்று பிளேடுதான். நான்கு பிளேடு ஸ்பிட்ஃபயர் சண்டைக்கு வந்தது 1942-ல். படக்குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. போர் முடிந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பறக்கும் நிலையில் கிடைத்ததை வைத்துத்தான் எடுத்தார்கள்.

மிட்செல் என்ற பொறியாளர் வடிவமைத்த ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் பறந்தது 1936 மார்ச்சில். அடுத்த வருடமே அவர் காலமானார். ஆனால் விமானம் வளர்ந்துகொண்டே போனது. செல்போனுக்கு 13, 14, 15 என்று எண் போடுகிறார்களே, அதுபோல ‘மார்க் 1’, ‘மார்க் 2’ என்று ஆரம்பித்து மார்க் 24 வரை போனது. மொத்தத்தில் தயாரானவை 20,000-க்கும் மேல். இந்தப் பெரிய குடும்பத்தில் யார் யார் என்று அடையாளம் காண்பது இன்று பொம்மை விமானம் ஒட்டுபவர்களின் பொழுதுபோக்கு. அன்று ஜெர்மன் விமானிகளுக்கு அது உயிர்ப் பிரச்னை. முக்கியமாக இரண்டு பேர்: மார்க் 5, மார்க் 9.

1941 இலையுதிர் காலத்தில் ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற புது ஜெர்மன் விமானம் களத்தில் இறங்கியது. மார்க் 5 அதற்கு முன்னால் திணறியது. அதைவிட இறுக்கமாக வட்டமடித்துத் திரும்ப முடிந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழப் பின்தங்கியது. மார்க் 5 ஓட்டிய பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் 234-வது ஸ்குவாட்ரனும் ஒன்று. அதன் பெயரோடு ஒட்டியிருந்த ஊர் நம் மதராஸ் மாகாணம்.

1942 ஜூன் 23 அன்று ஒரு வேடிக்கை. அர்மின் ஃபேபர் என்ற ஜெர்மன் விமானி திசை தடுமாறி, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நினைத்து அதைக் கடந்தார். பிரான்ஸுக்கே வந்துவிட்டோம் என்று அவர் இறங்கிய இடம், வேல்ஸில் உள்ள பெம்ப்ரி பிரிட்டிஷ் விமானத் தளம்! முழுசாகக் கைக்கு வந்த ஃபோக்க-வுல்ஃபை பிரிட்டிஷார் ஓட்டிப் பார்த்தார்கள். மார்க் 5-ன் நிலைமை எவ்வளவு மோசம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிந்தது.

மாற்று ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. மார்க் 5-ன் உடம்பிலேயே மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தினார்கள். உயரே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அந்தக் காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது சூப்பர்சார்ஜர். புது எஞ்சினில் அது இரண்டு கட்டமாக வேலை செய்தது. அதனால் எஞ்சின் நீண்டது. விமானத்தின் மொத்த நீளமும் சுமார் ஓர் அடி கூடியது. கூடுதல் சக்தியை வாங்கிக்கொள்ள நான்காவது பிளேடு. அழுத்திய காற்று சூடாகுமே, அதைக் குளிர்விக்க இன்னொரு ரேடியேட்டர்.

இந்த ரேடியேட்டர்தான் கைரேகை மாதிரி. மார்க் 5-ஐக் கீழிருந்து பார்த்தால், வலது இறக்கைக்கு அடியில் பெரிய பெட்டி, இடதில் சின்ன அரைவட்டக் குழாய். மார்க் 9-ல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டிகள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலும் இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் வானத்தில்? சுற்றும் புரொபெல்லரில் பிளேடை எண்ண முடியாது. பல நூறு கஜம் தள்ளி, மேலேயோ பின்னாலேயோ இருப்பவருக்கு இறக்கையின் அடிவயிறு தெரியாது. ஓர் அடி நீளம் கண்ணுக்குப் பிடிபடாது. 1942 ஜூலையில் 64-வது ஸ்குவாட்ரன் மார்க் 9-உடன் கிளம்பியபோது ஜெர்மன் விமானிகள் பார்த்தது, தாங்கள் விரட்டிப் பழகிய அதே ஸ்பிட்ஃபயரை. அதுவோ உயரத்தில் மணிக்கு 400 மைலைத் தாண்டியது. அதற்குப் பிறகு எந்த ஸ்பிட்ஃபயரைக் கண்டாலும் யோசிக்க வேண்டியதாயிற்று. இந்தக் குழப்பத்தில் பாவப்பட்ட மார்க் 5-க்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. இத்தனைக்கும் மார்க் 9 ஓர் அவசர ஏற்பாடுதான். முறையாகத் திட்டமிட்ட வாரிசு மார்க் 8.

அந்த மார்க் 8 பர்மா முனையில் இந்திய விமானப்படையிடமும் இருந்தது. பறக்கும்போது வால் சக்கரம் உள்ளே மடங்கினால் மார்க் 8. வெளியே தொங்கினால் மார்க் 9. வாலின் கூரான முனையை மட்டும் நம்பிவிடக் கூடாது, பிந்தைய மார்க் 9 சிலவற்றுக்கும் அது உண்டு. இந்தப் பக்கத்து விமானங்களில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவே இருக்க வேண்டிய சிவப்பு இருக்காது. ஜப்பான் விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம். சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்று எடுத்துவிட்டார்கள்.

ஐந்து பிளேடும், மூக்கின் மேல் இரண்டு புடைப்பும் தெரிந்தால் பெரும்பாலும் மார்க் 14. அதன் கிரிஃபன் எஞ்சின், மெர்லினுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஓடுபாதையில் விமானம் இடப்பக்கம் இழுக்கும் என்று காலைத் தயாராக வைத்திருந்த பழைய விமானியை, இது வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

கண்ணை மட்டும் வைத்துத் தீர்க்கவே முடியாத ஜோடியும் உண்டு: மார்க் 9, மார்க் 16. முதுகு தாழ்ந்து, கண்ணாடிக் குமிழ் மூடியோடு இருந்தால் மார்க் 16 என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த வடிவில் மார்க் 9-ம் உண்டு, பழைய உயர்ந்த முதுகோடு மார்க் 16-ம் உண்டு. அங்கே மூடியைக் கழற்றி எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸ் செய்தது என்றால் 9. அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி செய்தது என்றால் 16.