தரகரின்றி வீடு விற்போர் கவனத்திற்கு

60 இலட்சம் ரூபாய்க்கு விலைபோகும் வீட்டிற்கு 2 சதவீதத் தரகு என்றால் 1,20,000 ரூபாய். வாங்குபவரைக் காட்டித் தருவதற்கு இது மிகை என்றே நாங்கள் கருதுகிறோம். நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் உரிமையாளரே விளம்பரம் செய்யலாம். அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவைப்பதே சில வேளைகளில் போதும். விளம்பரம் கண்டு முதலில் அழைப்போருள் தரகர்களும் இருப்பர் என்பது வேறு கதை.

ஆனால் தரகர் பார்த்துவந்த வேலை இனி விற்பவரைச் சேரும். அதில் பெரும்பகுதி ஆவண வேலையே. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது ஆகியவற்றை விளம்பரத்திற்கு முன்பே திரட்டிவிட வேண்டும். வீட்டுக்கடன் நிலுவையில் இருந்தால் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். நிலுவைத்தொகை குறித்த கடிதத்தையும் ஆவணப் பட்டியலையும் கிளையில் கேட்டுப் பெறலாம். கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் திரும்ப வேண்டும், வங்கியால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என 2023-இல் ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. இதை எடுத்துச்சொன்னால் வாங்குபவரின் தயக்கம் பெரிதும் நீங்கும்.

ஒப்பந்தம் எழுதுவதில் மட்டும் சிக்கனம் கூடாது. விலையோடு சேர்ந்து ஏறும் தரகைவிட, கட்டணம் பேசி வழக்கறிஞரை அமர்த்துவதே நியாயம். வெளிநாட்டில் வாழ்வோருக்கும் தனித்திருக்கும் முதியோருக்கும் தரகர் தேவைப்படலாம், மறுக்கவில்லை.

முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் ரொக்கமாகப் பெறலாகாது. விலை 50 இலட்சத்தை எட்டினால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டே பணம் தருவார். குறைத்துத் தந்தாரென்று பிணங்காமல், அதற்குரிய சான்றிதழைக் கேட்டுப் பெறுக.