முப்பது நாள் விருந்தாளி



"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் அரசாங்கம் அதைவிடத் தாராளமானது. இந்தியாவிலிருந்து வருகிற விருந்தாளிக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா எடுக்காமலே 30 நாள் தங்கிப் போக வழி செய்தது. அந்தச் சலுகை பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கல்யாணம், காதுகுத்து, பத்துமலைத் தைப்பூசம் என்று ஊரிலிருந்து சொந்தபந்தங்கள் வந்து போவது இதனால் எளிதாயிற்று. நல்ல காரியந்தான்.

ஆனால், முப்பத்தோராம் நாள் என்ன நடக்கும்? அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. இன்று அதைக் கொஞ்சம் பேசுவோமா?

2024ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளும் பாட்டுக்கடைகளும் களை கட்டியிருந்த நேரம். நெரிசலுக்குப் பயந்து ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் சந்து வழியாக நடந்தேன். குழாயடியில் குந்தி அண்டா தேய்த்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், என் காலடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து நின்றான். சேலையைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன்.

"சிவகங்கைப் பக்கம் அக்கா."

"வந்து எத்தனை நாளாச்சு?"

அவன் சிரித்தான். "முப்பது நாள் டூரிஸ்ட் விசாவிலே வந்தேன் அக்கா. ஆறு வருஷமாச்சு. இன்னும் ரெட்டைக் கோபுரத்தை ஒரு தடவைகூடக் கிட்டப் போய்ப் பார்க்கல."

வாசகர்களே, கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் அந்தக் கோபுரம். நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்ததாகக் கடப்பிதழில் எழுதிக்கொண்டு வந்தவனுக்கு அந்த ஐந்து நிலையம் ஆறு வருடமாக எட்டாத தூரம். ரயில் நிலையத்தில் சோதனை இருக்கும் என்ற பயம். கடை, கடைக்கு மேலே ஆறு பேர் படுக்கும் அறை, இந்தப் பின் சந்து. இதுதான் அவன் கண்ட மலேசியா.

அவன் வந்த கதை நீங்களும் கேட்ட கதைதான். ஊரில் ஓர் ஏஜெண்டு. "முதலில் டூரிஸ்டில் போ, இறங்கியதும் பர்மிட் போட்டுத் தருவார்கள்" என்ற வாக்குறுதி. அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய், வட்டிக்கு வாங்கியது. இறங்கியதும் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பர்மிட் மட்டும் வரவேயில்லை.

வருமா? அதுதான் நம்மவர்கள் தெளிவாக அறிய வேண்டிய விஷயம். தொழிலாளியாக வருகிறவருக்கு முதலாளிதான் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குரிய விசாவோடுதான் அவர் ஊரிலிருந்து புறப்பட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவரின் அனுமதி, வேலை செய்கிறவரின் அனுமதியாக இங்கே வந்த பிறகு தானாக மாறிவிடாது. 2023இல் செய்ததுபோல, ஆவணம் இல்லாதவர்களை முறைப்படுத்தும் திட்டங்களை அரசாங்கம் எப்போதாவது அறிவித்ததுண்டு. அந்தக் கதவு எப்போது திறக்கும், யாருக்குத் திறக்கும் என்று யாராலும் முன்னதாகச் சொல்ல முடியாது. முதலாளி முன்வந்தால்தான் அதுவும் நடக்கும். அதை நம்பி ஒருவரை விமானம் ஏற்றுவது, மழை வரும் என்று நம்பி வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவது போன்றது.

"பிழைக்க வந்தவர்கள்தானே, நம் பாட்டன் பூட்டனும் அப்படித்தானே வந்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காகிதம் என்ன செய்யும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

நம் பாட்டன்மார் கப்பலேறிய காலத்தில் கதவு திறந்திருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்தியது. 1953இல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் வந்து, நினைத்தவர் நினைத்தபடி வந்து போகும் காலத்தை முடித்தது. 1957இல் சுதந்திரம் வந்தபோது, முதல் ஓராண்டில் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமை பெறச் சலுகை இருந்தது. தோட்டத்து லயங்களில் எத்தனையோ பேர் அதைத் தவறவிட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லை, பாரம் நிரப்பித் தர ஆள் இல்லை, "பால்மரம் வெட்டுகிறவனுக்குக் காகிதம் எதற்கு?" என்ற நினைப்பு வேறு.

பத்தே வருடத்தில் அதற்கு விலை கொடுத்தோம். 1968இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலையிழந்தார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குத் திரும்பியதாக எழுதியிருக்கிறார்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். முப்பது வருடம் நிரை பிடித்துப் பால் எடுத்தவர், ஒரு தகரப் பெட்டியோடு போர்ட் சுவெட்டன்ஹாமில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். பெரியம்மா நீல அட்டைக்காரி; பிள்ளைகளோடு இங்கேயே தங்கிவிட்டார். ஒரே லயத்து வீட்டில், அட்டையின் நிறம் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது.

அந்த வேதனையைக் கண்ட நாமே, இன்று அக்காள் மகனையும் மச்சான் தம்பியையும் "சும்மா டூரிஸ்டில் வாடா, பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருகை அனுமதியில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. உறவினர் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும் அது வேலைதான். அனுமதியின் நிபந்தனையை மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். நாள் கடந்து தங்கியது நீதிமன்றத்தில் நிரூபணமானால் அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது. ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. பிறகு நாடு கடத்தலும், மீண்டும் வர முடியாதபடி கறுப்புப் பட்டியலும்.

விருந்தாளிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. அனுமதியில்லாதவரைத் தன் இடத்தில் தங்க விட்டவருக்கு, ஆள் ஒன்றுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவருக்கு, ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செம்பனைத் தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பம் இந்தத் தொகைக்கு எங்கே போகும்? பிறருடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றம். "பத்திரமாக இருக்கட்டும்" என்று முதலாளி சொன்னாலும் குற்றந்தான்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. முப்பதாம் நாள் தாய்லாந்து எல்லைக்குப் போய், மறுநாள் திரும்பி வந்து புது முத்திரை வாங்குவது. ஒரு முறை நடக்கும், இரண்டாம் முறையும் நடக்கலாம். உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் இருக்கும் அதிகாரியின் முடிவு. விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் விதி. பணமுள்ள வெளிநாட்டவருக்கு நீண்டநாள் தங்க 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்ற திட்டம் 2002இலேயே வந்தது. அதற்கு வங்கியில் பெருந்தொகை வைக்க வேண்டும். நம் மச்சானுக்கு அது ஆகிற காரியமா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும், ஊரிலிருந்து மருமகள் எடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள். விருந்தாளியாக வந்த பெண்ணுக்கு இங்கே கோயிலில் தாலி கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை, குடியுரிமையில் தாயைத்தான் பின்பற்றும். தகப்பன் கிள்ளானில் பிறந்த மலேசியராக இருந்தாலும் அப்படித்தான். தாயின் அனுமதியும் முடிந்திருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் அன்றுதான் பெற்றோருக்குக் கண் திறக்கிறது. முறையாகப் பதிவு செய்தால், மனைவிக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் பதிவு, பிறகு பந்தல்.

"இந்தியாக்காரர்களே இப்படித்தான்" என்று உதட்டைப் பிதுக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கில், விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களில் முதலிடம் மலேசியர்களுக்குத்தான். 'பழத்தோட்டத்தில் நல்ல சம்பளம்' என்ற விளம்பரத்தை நம்பிப் போன நம் பிள்ளைகளும் அதில் உண்டு. ஏஜெண்டு பேசும் மொழி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

சரி, நாள் கடந்துவிட்டவர் என்ன செய்வது? ஒளிந்திருப்பது வழியல்ல. நோய், விபத்து போன்ற காரணம் இருந்தால், நாள் முடியும் முன்பே குடிநுழைவுத் துறைக்குப் போய்க் கேட்க வேண்டும். கடப்பிதழ் தொலைந்தவர்களுக்கு ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவது கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வேலை. அரசாங்கமும் அவ்வப்போது, அபராதம் கட்டி ஊர் திரும்பும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. 2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 700 வெள்ளி கட்டிப் போக விட்டார்கள். 2024 மார்ச் முதல் டிசம்பர் வரை, நாள் கடந்தவர்களுக்கு 500 வெள்ளி. விமானச் சீட்டு அவரவர் செலவு. 2025 மே மாதம் மீண்டும் ஒரு சுற்றுத் தொடங்கியது. இப்படி அறிவிப்பு வரும்போது இடைத்தரகரிடம் போகாமல், குடிநுழைவு அலுவலகத்துக்கே நேராகப் போவது நல்லது.

அந்தச் சிவகங்கைத் தம்பிக்கு 2019இல் கதவு திறந்தது தெரியும். கடன் அடையவில்லை, போகவில்லை. அடுத்த வருடம் கொரோனா வந்தது. 2021இல் அவன் தாய் இறந்தார். மூத்த மகன் அவன். கொள்ளி வைத்தது தம்பி. கடையின் பின் சந்தில், அதே குழாயடியில் நின்று, கைப்பேசியில் பார்த்தானாம். "சத்தம் போட்டு அழக்கூட பயமா இருந்துச்சு அக்கா" என்றான். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2024 முடிவதற்குள் அவன் அபராதம் கட்டி ஊர் திரும்பிவிட்டான். புறப்படுவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு படம் அனுப்பினான். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால், புதுச் சட்டை போட்டு, கைகட்டி நிற்கிறான். கையில் ஊர் திரும்பும் காகிதம் இருந்ததால் அன்று ஐந்து நிலையம் ரயிலேறிப் போயிருக்கிறான்.

வாசகர்களே, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோழி அடியுங்கள், பத்துமலைக்கு அழைத்துப் போங்கள், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலை எடுத்துக் கொடுங்கள். அதற்கெல்லாம் முன்பு, அவர் வந்திறங்கிய அன்றைக்கே கடப்பிதழைப் பிரித்து எத்தனை நாள் அனுமதி என்று பாருங்கள். அந்தக் கடைசி நாளை, சமையல் கட்டில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். அந்த நாளுக்கு முன்பே வாசல்வரை வந்து வழியனுப்புங்கள். அப்போதுதான் அடுத்த தைப்பூசத்துக்கும் அவர் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வர முடியும்.