கோடிங் வகுப்புக்கு முன்னால் ஒரு கோலம்

2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் ‘கம்ப்யூட்டேஷனல் திங்கிங்’கும் கற்பிக்கப்படும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதைக் கேட்டதும் நம்மவர் வீடுகளில் பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, மாதக் கட்டணம் கட்டிப் பிள்ளையை ஒரு ‘கோடிங்’ வகுப்பில் சேர்ப்பதுதான். சற்றுப் பொறுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கணிப்பொறி நம் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1955இல் இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி வந்து இறங்கியது இவ்வூர்ப் புள்ளியியல் நிறுவனத்தில்தான். ஆனால் இப்போது பள்ளிகளில் கேட்கப்படுவது பொறி அல்ல, சிந்தனை. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வது, அடுத்தவர் பிசகாமல் செய்யும்படி படிப்படியாகச் சொல்வது, தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று தேடுவது ஆகியவையே கணிமைச் சிந்தனை. சீமோர் பேப்பர்ட் 1980இல் தம் நூலில் இச்சொல்லை ஆண்டார். 2006இல் ஜெனட் விங் எழுதிய ஒரு சிறு கட்டுரை அதை உலகெங்கும் பரப்பியது.

நிரல் எழுதப் பழகினால் இந்தச் சிந்தனை தானாக வந்துவிடுமா? பேப்பர்ட் குழுவினரின் ‘லோகோ’ மொழியைக் கற்ற அமெரிக்கப் பிள்ளைகளை 1980களில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோர் சோதித்தார்கள். திட்டமிடும் திறன் தானாகக் கூடிவிடவில்லை என்று கண்டார்கள். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நிதானமாகப் பேசுகிறது: நிரல் கற்பதால் பயன் உண்டு, ஆனால் அதை ஒத்த வேலைகளில் மிகுதி, தொலைவான வேலைகளில் குறைவு. ஆகவே, ஒன்றில் கற்றதை இன்னொன்றோடு இணைத்துக் காட்ட அருகில் ஒருவர் வேண்டும்.

இன்னொரு போக்கும் கவனிக்கத்தக்கது. நியூசிலாந்தின் டிம் பெல்லும் தோழர்களும் 1990களிலேயே கணிப்பொறி இல்லாமல் அட்டை, கயிறு, விளையாட்டு ஆகியவற்றைக் கொண்டு இப்பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களிலும் ‘தகவல் செயலாக்கம்’ என்ற இயல் இவ்வழியில்தான் செல்கிறது.

அப்படியானால் நம் வீட்டு வாசலை ஏன் மறக்க வேண்டும்? தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறி இயலின் இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். “7 புள்ளி, இடைப்புள்ளி, 4இல் நிறுத்து” என்று பாட்டி சொல்வது ஒரு நிரல்தான். அந்த ஒரு வரியிலிருந்து 37 புள்ளிகள் விரிகின்றன. “9 புள்ளி, 5இல் நிறுத்தினால் எத்தனை?” என்று கேளுங்கள். தரையில் வைத்து எண்ணாமலே 61 என்று சொல்லும் பிள்ளை, விதியைப் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

கோலத்தைப் பார்த்து அப்படியே போடுவது வெறும் மனப்பாடம்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகையால்தான் வேலையைச் சற்று மாற்ற வேண்டும். கம்பி தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், எந்தப் புள்ளியில் திசை தவறியது என்று பிள்ளையே தேடட்டும். ஒரு பிள்ளை கோலத்தைக் காட்டாமல் வாயால் சொல்ல, இன்னொன்று போடட்டும். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் புள்ளியே இல்லாமல் ஆல்பனா வரைகிறார்களே, அதற்கு என்ன விதி என்று கேட்டு வரட்டும். கடைசியில், “பள்ளிக் கணக்கில் இதே போல் எங்கே செய்தாய்?” என்று நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கோலமும் கோலத்தோடு நின்றுவிடும்.

பெரிய வகுப்புகளில் நிரல் கற்க வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று நிரலை எந்திரமே எழுதித் தருகிறது. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்வதும், வந்தது சரிதானா என்று சோதிப்பதும் மனிதர் வேலையாகவே இருக்கின்றன.

நம் பிள்ளைகளில் பலர் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ பதில் சொல்கிறார்கள். “வலப்பக்கம் திரும்பு, இரண்டு புள்ளி தாண்டு, சுற்றி வா” என்று இன்னொருவருக்குப் பிசகின்றிச் சொல்ல நேரும்போது தமிழும் கூர்மை பெறும். நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தான் செலவு. தாய்மார்களும் பாட்டிமார்களும் ஆசிரியர்களாக முன்வர வேண்டும். அப்பாக்களும் வரலாம், புள்ளி வைக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம்.