குளுகுளு கடையிலும் அதே மாத்திரைதான்!

மொரப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு சர்க்கரை வியாதி. சமீபத்தில் பார்க்கப் போயிருந்தபோது முகம் வாடிக் கிடந்தார். விசாரித்தால்... பத்து நாளாக மாத்திரையே போடவில்லையாம்!

"ஏன் பெரியம்மா?"

"தர்மபுரிக்குப் போக முடியல கண்ணு. அங்கதானே நல்ல மாத்திரை கிடைக்குது!"

"இங்கே ரயிலடிப் பக்கமே மெடிக்கல் ஷாப் இருக்கே?"

"அதுவா... ஒரே புழுக்கம், இருட்டு. அங்க கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., 'உட்காருங்கம்மா'ன்னு சேர் போடறாங்க. அந்தக் கடை மருந்துதான் எனக்குக் கேட்குது!"

பேசாமல் காலி அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போய், புது அட்டை வாங்கி வந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே கம்பெனி, அதே பெயர், அதே 500 மில்லிகிராம்!

பெரியம்மாவை மட்டும் குறை சொல்வானேன்? நம் எல்லோர் கதையும் இதுதான். கடையின் சூழலே ஒரு விற்பனை உத்தி என்று 1973-லேயே எழுதினார் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிலிப் கோட்லர். 1982-ல் மில்லிமன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில நாட்கள் வேகமான இசை, சில நாட்கள் மெதுவான இசை. மெதுவான இசை ஒலித்தபோது ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள். விற்பனை 38 சதவிகிதம் அதிகம்!

புடவைக் கடையில் மயங்கினால் பர்ஸ்தான் இளைக்கும். மருந்து விஷயத்தில் மயங்கினால்? பெரியம்மா மாதிரி உடம்பும் இளைக்கும். டாக்டர் எழுதாத சத்து மாவு, டானிக் எல்லாம் பையில் ஏறுவதும் அந்தக் குளுகுளுப்பில்தான். 2008-ல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்களையும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களையும், 'விலை கம்மின்னா மட்டமாத்தான் இருக்கும்' என்று பலர் தாண்டிப் போவதும் இதே மயக்கத்தால்தான்.

அதற்காக, கடை எப்படி இருந்தாலும் சரி என்று சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டியதைப் பாருங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில், ஃப்ரிட்ஜில் இருக்கிறதா? மருந்து அலமாரியில் வெயில் படுகிறதா? மருந்தாளுநர் இருக்கிறாரா? பில் தருகிறார்களா? காலாவதி தேதி என்ன? கம்பெனி மாறினால், மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவைதான் ஒரு மருந்துக் கடையின் நிஜமான அழகு!

பெரியம்மா அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். மறுநாளே டாக்டரிடமும் கூட்டிப் போய்க் காட்டினோம். கிளம்பும்போது சொன்னார்:

"இனிமே இங்கயே வாங்கிக்கறேன். ஆனா, அந்தக் கடைக்காரரை ஒரு ஃபேனாவது மாட்டச் சொல்லு!"

நியாயம்தானே?