சந்தாவும் ஒரு வாக்குதான்

பத்திரிகை கைமாறினால், முன்பணம் கட்டிய வாசகரின் கதி என்ன? அமெரிக்காவில் ஒரு விளையாட்டு ஏட்டின் வாசகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ என்பது அதன் பெயர். 1967இல் தொடங்கிய ஏடு. சதுரங்கம் போல மேசைமீது காய் நகர்த்தி, பழைய போர்களை ஆடிப் பார்ப்பவர்களுக்காக வந்தது. 1969இல் ஜேம்ஸ் டன்னிகன் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு இதழோடு வரைபடமும் அட்டைக் காய்களும் கொண்ட முழு விளையாட்டு ஒன்றும் வந்தது. அடுத்து எந்தப் போரை ஆட்டமாக்கலாம் என்று வாசகர்களையே கேட்டார்கள். ஏட்டை வாசகர்கள் தங்கள் சொந்தமாகவே நினைத்தார்கள். சிலர் ஆயுள் சந்தாவும் கட்டினார்கள்.

ஆனால் பதிப்பகம் கடனில் சிக்கியது. 1982இல், கடன் கொடுத்த டி.எஸ்.ஆர். நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஏடு தொடர்ந்து வந்தது. ஆனால் பழைய சந்தாக்கள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆயுள் சந்தாவுக்கும் அதே கதிதான். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். பணம் போனதைவிட நம்பிக்கை போனதே அவர்களுக்குப் பெரிதாக வலித்தது. ஏடு மேலும் கைமாறி, 1991இல் டெசிஷன் கேம்ஸ் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது.

அந்தக் கோபம் நமக்குப் புரியாததா? தோட்டம் கைமாறியபோதெல்லாம், “எங்கள் இத்தனை வருட உழைப்புக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டவர்கள்தாமே நாம்! சொத்தை வாங்குகிறவர், முன்னவர் கொடுத்த வாக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பெற்றோர்களே, எதற்குப் பணம் கட்டினாலும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கேள்வி கேட்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.